நகமும் பித்தளைக் கம்பியும்

அயர்லாந்துக்குப் போய் வந்த சொந்தக்காரர் யாராவது இருந்தால், அவர் பையில் மிச்சமிருக்கும் யூரோ சில்லறையை வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மதிப்பு இருக்கும். மறுபக்கம் ராஜா தலை இல்லை, சிங்கம் இல்லை, கழுகு இல்லை. ஒரு யாழ் இருக்கும். ஹார்ப் என்கிறார்களே, அது.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. எட்டாம் ஹென்றி 1534 வாக்கில் அயர்லாந்துக்கென்று தனியாக வெள்ளிக் காசு அடித்தபோதே அதில் யாழைப் பொறித்தார். 1922ல் அயர்லாந்து தனி நாடாக எழுந்து நின்றபோதும் அதே யாழ்தான் சின்னம். அதிலும் ஒரு வேடிக்கை. கின்னஸ் பீர் கம்பெனி 1876லேயே யாழை டிரேட் மார்க்காகப் பதிவு செய்துவிட்டது. அதனால் அரசாங்கத்து யாழ் ஒரு பக்கம் பார்க்கும், பீர் பாட்டில் யாழ் எதிர்ப் பக்கம் பார்க்கும்.

பி.காம். படித்தவன் புத்தி, எதைப் பார்த்தாலும் கணக்குக்குத்தான் ஓடும். காசில் யாழ் இருக்கிறது, சரி. யாழ் வாசித்தவன் கையில் காசு இருந்ததா?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 1792ம் வருஷம் ஜூலை மாதம், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் போய் நிற்போம்.

*

அது ஒரு யாழ் விழா. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்தது. முக்கியமானவர் ஜேம்ஸ் மக்டானல் என்கிற டாக்டர். அயர்லாந்தின் பழைய யாழ் வித்வான்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இருக்கிற மிச்சப் பேரையாவது ஓரிடத்தில் கூட்டி வாசிக்கவைத்து, கேட்டதை எழுதி வைத்துவிடவேண்டும் என்பது திட்டம். நாடு முழுக்க விளம்பரம் போனது. பரிசுப் பணம் உண்டு என்றும் சொன்னார்கள்.

வந்தது மொத்தம் பதினோரு பேர். அதிலும் ஒருவர் வேல்ஸ்காரர். ஆக, நாட்டின் தேசியச் சின்னத்தை வாசிக்க நாடு முழுக்கத் தேடியும் வந்து சேர்ந்தது பத்தே பேர். பாதிக்கு மேல் கண் தெரியாதவர்கள். ரோஸ் மூனி என்று ஒரே ஒரு பெண். அவருக்கும் பார்வை இல்லை.

ஏன் இந்த நிலைமை? அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பழைய அயர்லாந்தில் ஒவ்வொரு குறுநிலத் தலைவன் வீட்டிலும் கவிஞன் ஒருவன், யாழ்க்காரன் ஒருவன் கட்டாயம் உண்டு. தலைவனைப் புகழ்ந்து பாட்டு எழுதுவது கவிஞன் வேலை. அது சபையில் சொல்லப்படும்போது கூடவே வாசிப்பது யாழ்க்காரன் வேலை. பாணனும் புலவனும் மாதிரிதான். நிலம் கிடைக்கும், மாடு கிடைக்கும், பந்தியில் நல்ல இடம் கிடைக்கும்.

1601ல் கின்சேல் என்ற இடத்தில் நடந்த போரில் அந்தத் தலைவர்கள் இங்கிலாந்திடம் தோற்றார்கள். 1607ல் வடக்கத்திப் பிரபுக்கள் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். பின்னாலேயே கிராம்வெல் வந்து மிச்சமிருந்தவர்களின் நிலத்தையும் பிடுங்கினார். படியளந்த கை போய்விட்டால் பாணன் என்ன செய்வான்? குதிரை ஒன்று, வழிகாட்ட ஒரு பையன், தோளில் யாழ் என்று ஊர் ஊராகப் போனார்கள். எந்தப் பெரிய வீட்டில் கதவு திறக்கிறதோ அங்கே சில நாள். அம்மை போட்டுக் கண் போன பிள்ளைக்குப் பிழைக்க ஒரு வழி வேண்டும் என்று பெற்றவர்கள் யாழ் கற்றுக்கொடுத்தார்கள். கௌரவத் தொழில் மெதுவாகக் கருணைத் தொழில் ஆகிப்போனது.

அந்தப் பத்துப் பேரில் ஒரு கிழவர் இருந்தார். டெனிஸ் ஹெம்ப்சன். மகிலிகன் என்ற ஊர். வயது 97 என்று சொன்னார்கள். மூன்று வயதில் அம்மையில் கண் போனது. பன்னிரண்டு வயதில் பிரிஜெட் ஓகேஹன் என்கிற அம்மாளிடம் யாழ் கற்க உட்கார்ந்தார். அயர்லாந்து, ஸ்காட்லாந்து எல்லாம் சுற்றியிருக்கிறார். 1745ல் எடின்பரோவில் இளவரசர் சார்லஸ் எட்வர்டுக்கு முன்னால் வாசித்தவர். எண்பது தாண்டிய பிறகு கல்யாணம் செய்துகொண்டு ஒரு பெண் குழந்தைக்கும் தகப்பனானார். அயர்லாந்து யாழ்க்காரர்களில் பெரிய பேர் டர்லோ கேரொலன், 1738ல் இறந்தவர். அவருடைய மெட்டுகள்கூட ஹெம்ப்சனுக்குப் பிடிக்காது. புதுசு என்று ஒதுக்கிவிடுவார். நம்ம ஊர்ச் சபாக்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கும் தாத்தாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வாசித்த முறைதான் இந்தக் கதையின் மையம். அந்த மேடையில் நீளமாக வளர்த்த, வளைந்த நகத்தால் கம்பியை மீட்டியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அதற்குள் விரல் நுனிச் சதைக்கு மாறிவிட்டார்கள்.

முதல் பரிசு 10 கினி. அது சார்லஸ் ஃபானிங் என்பவருக்குப் போனது. அவர் அங்கே சிறந்த வித்வான் இல்லை, அப்போது பியானோ கற்கும் பிள்ளைகளிடம் பிரபலமாக இருந்த ஒரு மெட்டைப் புது நகாசு எல்லாம் போட்டு வாசித்ததால் ஜெயித்தார் என்று அங்கிருந்த ஒருவரே பிற்பாடு எழுதினார். இரண்டாம் பரிசு 8 கினி, ஆர்தர் ஓநீலுக்கு. மற்றவர்களுக்கு ஆளுக்கு 6. அந்தப் பழைய வித்தை கையில் இருந்த கடைசி மனிதர் ஹெம்ப்சனுக்கும் ஆறே கினிதான்.

*

அப்படி எழுதிய ஒருவர் யார்? எட்வர்ட் பன்ட்டிங். அப்போது 19 வயது. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற பையன். கேட்பதை அப்படியே ஸ்வரப்படுத்தி எழுதத் தெரியும் என்பதால் கூலிக்கு அமர்த்தினார்கள். யாழ்க்காரர்கள் வாசிக்க வாசிக்கக் குறித்துக்கொள்ளவேண்டும். மெட்டை மாற்றக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

வந்தவர்களில் பலபேர் நாலு நாளில் விழாவை மறந்துவிட்டுப் போனார்கள். உல்ஃப் டோன் என்ற புரட்சிக்காரர் அந்த வாரம் ஊரில்தான் இருந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் ஆண்டு விழாவுக்காக வந்தவர். யாழ்ச் சத்தம் அவருக்கு அலுப்பாக இருந்திருக்கிறது. டைரியில் எரிச்சலோடு குறித்து வைத்திருக்கிறார். ஆனால் பன்ட்டிங் பையனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. விழா முடிந்ததும் சும்மா இருக்கமுடியவில்லை. மகிலிகனுக்கு ஹெம்ப்சன் வீடு தேடிப் போனார். கிராமம் கிராமமாக அலைந்தார். 1796-97ல் 66 மெட்டுகளோடு முதல் தொகுப்பு வந்தது. 1809ல் இரண்டாவது. 1840ல், அவருடைய 67வது வயதில், மூன்றாவது. ஒரு விழாவுக்குக் கூலிக்குப் போன ஆள் சுமார் ஐம்பது வருஷம் அதிலேயே கிடந்தார்.

லாபம்? அதைக் கேட்காதீர்கள். பன்ட்டிங் சேர்த்த மெட்டுகள் சிலவற்றை எடுத்து, அதற்கு இங்கிலீஷில் பாட்டு எழுதி, 1808 முதல் வரிசையாக வெளியிட்டார் தாமஸ் மூர் என்ற கவிஞர். சக்கைப் போடு போட்டது. பதிப்பாளர் மூருக்கு வருஷத்துக்கு 500 பவுன் கொடுத்தார். மெட்டுகளைக் காட்டிலும் மேட்டிலும் தேடியவருக்கு அதில் காலணா பங்கு கிடையாது. சட்டப்படி கேட்கவும் முடியாது. ஊர்ச் சொத்துக்கு ஏது காப்பிரைட்?

சரி, பணம் போகட்டும். பாட்டாவது பிழைத்ததா? பிழைத்தது. ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல்.

பன்ட்டிங் பியானோக்காரர். புத்தகம் வாங்கப்போவதும் வீட்டில் பியானோ வைத்திருக்கிற குடும்பங்கள்தான். அதனால் மெட்டுகளை எல்லாம் பியானோவுக்கு ஏற்றபடி மாற்றி, இடது கைக்குச் சேர்ந்திசை போட்டு அச்சடித்தார். மெட்டு புத்தகத்தில் ஏறிவிட்டது. அதை வாசித்த கை? எந்த விரல் எந்தக் கம்பியில் விழுந்தது, எந்த விரல் எப்போது எழுந்தது? அந்தப் பக்கங்களில் அது இல்லை.

விரல்தானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் புரிந்துவிடும்.

*

இன்றைக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் பார்க்கிற பெரிய ஹார்ப் வேறு ஜாதி. அதற்கு 47 தந்திகள், ஏழு பெடல்கள். பெரும்பாலும் நரம்பு அல்லது நைலான். செபாஸ்டியன் எரார் என்பவர் 1810ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு.

அயர்லாந்தின் பழைய யாழ், கிளார்ஷக் என்பார்கள், அப்படி இல்லை. ஒரே மரத்துண்டைக் குடைந்து பத்தர் செய்வார்கள். நம்ம ஊரில் ஏகாண்ட வீணை என்கிறோமே, அந்த யோசனைதான். பெரும்பாலும் வில்லோ மரம். அதில் சுமார் 30 கம்பிகள். நரம்பு இல்லை, உலோகம். முக்கியமாகப் பித்தளை. நடுவில் இரண்டு கம்பிகளுக்கு ஒரே ஸ்ருதி. அந்த ஜோடிக்குச் ‘சகோதரிகள்’ என்று பெயர். ஸ்ருதி சேர்க்க ஆரம்பிப்பதே அங்கேதான். யாழை இடது தோளில் சாய்த்துக்கொள்வார்கள். மேல்ஸ்தாயி இடது கைக்கு, கீழ்ஸ்தாயி வலது கைக்கு. இன்றைய ஹார்ப்புக்கு அப்படியே தலைகீழ்.

இப்போது கோயில் மணியை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டு தட்டினால் எவ்வளவு நேரம் நிற்கிறது நாதம்? பித்தளைக் கம்பியும் அந்தக் குணம்தான். நகத்தால் மீட்டினால் ‘ணங்’ என்று எழுந்து அடங்கவே அடங்காது. ஒரு ஸ்வரத்துக்கு அது தேன். அடுத்த ஸ்வரம் வரும்போது முந்தைய ஸ்வரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, நாலாவது வரும்போது கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் மாதிரி ஒரே இரைச்சல்.

அதனால் இந்தக் கருவியில் வாசிப்பது பாதி வித்தைதான். நிறுத்துவது மீதி. ஒரு விரல் மீட்டும்போதே இன்னொரு விரல் போய் முந்தைய கம்பியைத் தொட்டு அடக்கவேண்டும். எதை அடக்குவது, எதை ஒலிக்கவிடுவது, அதுதான் சங்கீதம். ஹெம்ப்சனின் கையை பன்ட்டிங் வியந்து எழுதியதும் இதைத்தான். ஒரு விரல் மீட்டும்போதே அடுத்த விரல் நாதத்தை நிறுத்தத் தயாராகக் கம்பிமேல் கிடக்கும், அதனால் வெட்டி வெட்டி வரும் இடங்கள் துல்லியமாகக் கேட்கும் என்கிறார்.

ஏன் இப்படி வாசிக்கிறீர்கள் என்று கிழவரிடம் அவர் கேட்டும் பார்த்தார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன், வேறு மாதிரி வாசிக்க வராது என்ற தோரணையில்தான் பதில் வந்தது. பிரிஜெட் அம்மாள் கையிலிருந்து ஹெம்ப்சன் கைக்கு வந்த வித்தை. வாயால் விளக்கும் அவசியமே அவருக்கு வந்ததில்லை. 1807ல் ஹெம்ப்சன் இறந்தார். ஊர்க் கணக்குப்படி வயது 112.

*

வித்தையைக் காப்பாற்ற யாரும் முயலவில்லை என்று சொல்லமுடியாது. 1808ல் பெல்ஃபாஸ்ட்டில் யாழ்ச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, பழைய ஆர்தர் ஓநீலையே வாத்தியாராக வைத்தார்கள். சில வருஷத்தில் பணம் தீர்ந்தது. கடை சாத்தியாகிவிட்டது.

1819ல் மறுபடி திறந்தது. பணம் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? இந்தியாவிலிருந்து. வங்காளத்தில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஐரிஷ்காரர்கள் வசூல் பண்ணி அனுப்பினார்கள். சுமார் 1,200 பவுன். அப்போது இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். கம்பெனி சம்பளம் எந்தக் குடியானவன் வரியிலிருந்து போனது என்பது நமக்குத் தெரியும். ஒரு நாட்டின் ஆட்சியில் அழிந்த கலைக்கு, அதே ஆட்சியின்கீழ் இருந்த இன்னொரு நாட்டின் பணம். இருபது வருஷம் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. 1839ல் அதுவும் மூடியது.

பிள்ளைகள் கற்றுக்கொண்டு வெளியே வந்தபோது கேட்க ஆள் இல்லை என்பதுதான் உண்மைக் காரணம். பணக்கார வீட்டுப் பெண்கள் அதற்குள் ஜான் ஈகன் என்ற டப்ளின்காரர் செய்த புதுச் சின்ன ஹார்ப்புக்கு மாறிவிட்டார்கள். பார்க்கப் பழைய யாழ் மாதிரியே வளைவு, பச்சை வர்ணம், தங்கப் பூ வேலை. ஆனால் நரம்புத் தந்தி, விரல் நுனி வாசிப்பு. இன்றைக்கு ‘ஐரிஷ் ஹார்ப்’ என்று கடையில் விற்பது பெரும்பாலும் இதன் வாரிசுதான். காசில் இருக்கிற யாழுக்கும் அதற்கும் உருவ ஒற்றுமை மட்டும்தான்.

பழைய வரிசையில் பேர் வாங்கிய கடைசி ஆள் பாட்ரிக் பைர்ன். இவருக்கும் பார்வை இல்லை. 1845ல் எடின்பரோவில் ஹில், ஆடம்சன் என்ற இருவர் இவரைப் போட்டோ எடுத்தார்கள். கேமரா பிறந்து சில வருஷமே ஆன காலம். உடம்பில் போர்வை மாதிரி ஒரு துணியைச் சுற்றி, பழங்காலப் பாணன் வேஷத்தில், யாழோடு உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு இருக்கும்போதே ஒரு மனிதனைக் கண்காட்சிப் பொருள் ஆக்கியாயிற்று. 1863ல் பைர்ன் காலமானார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கம்பி யாழின் கைத்தொடர் அறுந்துபோனது.

*

இனி கதை காகிதத்துக்குப் போகிறது.

1907ல் சார்லட் மில்லிகன் ஃபாக்ஸ் என்ற பெண்மணி, பன்ட்டிங்கின் பேரன் வீட்டில் பழைய காகிதக் கட்டுகளைக் கண்டுபிடித்தார். பன்ட்டிங் சுற்றித் திரிந்தபோது அவசரமாகக் கிறுக்கிய நோட்டுகள். பியானோ அரிதாரம் பூசாத மெட்டுகள். அவை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆர்னல்ட் டால்மெட்ச் என்ற மனிதர் ஒரு புது வழி போட்டுக்கொண்டிருந்தார். பழைய இசையைப் பழைய கருவியில், பழைய முறையில்தான் வாசிக்கவேண்டும் என்பது அவர் கட்சி. ‘எர்லி மியூசிக்’ என்று பின்னாளில் பெரிய இயக்கமே ஆனது. 1930களில் அவர் கம்பி யாழ் ஒன்று செய்ய, மனைவி மேபல் வாசித்தார். பல தலைமுறைக்குப் பிறகு அந்தச் சத்தம் திரும்பிக் கேட்டது. ஆனால் கூடவே ஒரு கூட்டம் வளரவில்லை.

அந்த வேலை, அட்லாண்டிக் தாண்டி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்தது. பெயர் ஆன் ஹேமன்.

1970களில் அவர் கைக்குக் கம்பி யாழ் வந்தது. அவருடைய நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். கருவி இருக்கிறது. மெட்டுகள் இருக்கின்றன. வாத்தியார் கிடையாது. உலகத்திலேயே கிடையாது. வயலின் கற்க ஆசைப்பட்டால் பக்கத்துத் தெருவில் ஒருவர் இருப்பார். இவருக்கு அருகில் இருந்த குரு 1807ல் இறந்தவர்.

அவர் செய்தது இதுதான். நகம் வளர்த்தார். யாழை இடது தோளில் சாய்த்தார், இடது கையை மேலே வைத்தார். எழுதி வைத்தவர்கள் சொன்னபடி முதலில் உட்காருவோம், காரணம் அப்புறம் புரியட்டும் என்ற கட்சி. பிறகு பன்ட்டிங்கின் 1840 புத்தகத்தைத் திறந்தார். மெட்டுப் பக்கங்களை இல்லை, முன்னுரைப் பக்கங்களை.

பியானோவுக்காக மெட்டை மாற்றிய பன்ட்டிங், முன்னுரையில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். யாழ்க்காரர்களிடம் கேட்டு வாங்கிய ஐரிஷ் கலைச்சொற்களை அட்டவணையாகப் போட்டிருந்தார். ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு பேர். ‘ஸ்ருத் மோர்’ என்றால் பெரிய ஓடை. இன்ன அசைவுக்கு இன்ன விரல் மீட்டும், இன்ன விரல் நிறுத்தும் என்ற குறிப்பும் கூடவே. நூற்றைம்பது வருஷம் அதைப் புரட்டியவர்கள் ஏதோ பழைய சங்கதி என்று தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். பியானோவில் அதற்கு அர்த்தமே இல்லை. பித்தளைக் கம்பிமேல் நகத்தை வைத்தால்தான் அந்த அட்டவணை பேசும்.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. வேல்ஸ் நாட்டு யாழ்க்காரர் ராபர்ட் ஆப் ஹியூ 1613 வாக்கில் எழுதிய கைப்பிரதி. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. ஸ்வரத்தை எழுத்தால் குறித்திருக்கும் இந்தக் கைப்பிரதியிலும் விரல் அசைவுகளுக்குத் தனி அட்டவணை உண்டு. எதை மீட்டி எதை நிறுத்துவது என்பது அதிலும் இருந்தது. நாடு வேறு, கருவி வேறு. ஆனால் கையின் இலக்கணம் ஒன்றுக்கொன்று உறவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் அசைவாகக் கம்பியில் போட்டுப் பார்த்தார் ஆன். அவருடைய கணவர் சார்லியும் இசைக்காரர், இந்த வேலையில் கூடவே நின்றார். 1980களின் கடைசியில், கற்றதை எல்லாம் ஒரு பாடப் புத்தகமாகவே ஆன் எழுதி வெளியிட்டுவிட்டார்.

நம்மவர்களுக்கு இந்த இடத்தில் விபுலாநந்த அடிகள் நினைவு வரும். 1947ல் ‘யாழ் நூல்’ வெளியிட்டவர், அடுத்த மாதமே மறைந்தும் போனார். அவருக்குச் சிலப்பதிகாரமும் உரையும் இருந்தன. தொட்டுப் பார்க்க ஒரு பழைய யாழ்கூட இல்லை. ஆன் ஹேமனுக்கு அந்தக் குறை இல்லை. காசில் இருக்கிற அந்த யாழ் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1014ல் இறந்த பிரையன் போரு ராஜாவின் யாழ் என்று ஊர் சொல்லும். அது கதை, கருவி அவருக்குச் சில நூற்றாண்டு பிந்தியது. எடின்பரோ மியூசியத்தில் இன்னும் இரண்டு. ஹெம்ப்சனின் யாழே இருக்கிறது. 1702ல் செய்தது. கிழவரோடு ஊர் சுற்றிய அந்தக் கருவி கடைசியில் கின்னஸ் கம்பெனி கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய கருவியைப் பார்த்து நகல் செய்தபோது ஒரு புதிர். டிரினிட்டி யாழ் சின்னது. கீழ்ஸ்தாயிக் கம்பிகள் குட்டை. பித்தளை போட்டால் தொளதொளவென்று சத்தம் செத்துப்போகிறது. பழைய ஐரிஷ் பாடல்களிலோ தங்கக் கம்பி யாழ் என்று வருகிறது. புலவர் மிகைப்படுத்துகிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆன் நிஜமாகவே தங்கக் கம்பி போட்டுப் பார்த்தார். தங்கம் பித்தளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். கனமான கம்பி குட்டையாக இருந்தாலும் கீழே இறங்கிப் பேசும். பேசியது. 2006ல் அந்தத் தங்க யாழின் பேரிலேயே ஒரு சி.டி. வந்தது. தங்கம் விற்கிற விலையில் இப்படி ஒரு சோதனையா என்று நமக்கு வயிறு கலங்கும். ஒரு வார்த்தை பொய்யா நிஜமா என்று பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை.

*

ஒரு கேள்வி இருக்கிறது. ஆன் ஹேமன் வாசிப்பது ஹெம்ப்சனின் கையேதானா?

நிரூபிக்க வழி இல்லை. ஒலிப்பதிவு இல்லாத காலத்துக் கை. ஒவ்வோர் அசைவுக்கும் காகிதத்தில் ஆதாரம் காட்டலாம். இரண்டு அசைவுக்கு நடுவில் அந்தக் கிழவர் என்ன செய்தார் என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. மீட்டெடுத்தது பழைய வீடு இல்லை, பழைய அஸ்திவாரத்தின்மேல் கட்டிய வீடு. எர்லி மியூசிக்காரர்களில் நாணயமானவர்கள் இதை மறைப்பதில்லை.

ஆனால் அதில் குடியிருக்க ஆள் வந்துவிட்டார்கள். அயர்லாந்திலேயே ஷிவோன் ஆம்ஸ்ட்ராங் என்ற யாழ்க் கலைஞர் 2002ல் பழைய யாழ்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். மறு வருஷம் கில்கென்னி நகரத்தில் கோடைக்காலப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. நகல் யாழ்கள், பித்தளைக் கம்பி, இடது தோள், நகம். இந்தத் தடவை பிள்ளைகளைக் கண் தெரியாதவர்கள் என்றோ பிழைக்க வழியில்லாதவர்கள் என்றோ பொறுக்கவில்லை. ஆசைப்பட்டவர்கள் வந்தார்கள். 2019ல் யுனெஸ்கோ, அயர்லாந்தின் யாழ் வாசிப்பை மனிதகுலத்தின் கலாசாரச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

கணக்குப்பிள்ளை புத்தி கடைசியாக ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறது. எட்டாம் ஹென்றி காலத்திலிருந்து கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷமாக யாழ் போட்ட காசு எத்தனை கோடி அடித்திருப்பார்கள்? அதில் யாழ்க்காரர் பக்கம் வந்தது 10 கினி, 8 கினி, 6 கினி. அப்புறம் வங்காளத்திலிருந்து ஒரு 1,200 பவுன். இந்த வித்தையைக் காப்பாற்றியது அந்தக் கணக்கில் எதுவுமில்லை. கூலிக்கு வந்து வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாத ஒரு பத்தொன்பது வயதுப் பையன், பேரன் வீட்டுப் பரணைக் குப்பை என்று நினைக்காத ஒரு பெண்மணி, யாரும் படிக்காத முன்னுரையைப் படித்த இன்னொரு பெண்மணி.

ஹெம்ப்சனிடம் பன்ட்டிங் கேட்ட கேள்வியை இனி யாராவது கில்கென்னியில் படித்த ஒரு பிள்ளையிடம் கேட்கலாம். ஏன் இந்த விரலால் நிறுத்துகிறாய்? இடையில் நூறு வருஷத்துக்கு அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. இப்போது அந்தப் பிள்ளை கிழவர் சொன்ன அதே பதிலைச் சொல்லமுடியும். எனக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.